டிஸ்சார்ஜ் அன்று யாரும் உட்கார்ந்து சொல்லாதவை

காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் "இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். இன்சூரன்ஸ் அப்ரூவல் வரச் சாயங்காலம் ஆகும். அது எல்லாருக்கும் தெரிந்த கதை. என் வயிற்றெரிச்சல் அதற்கப்புறம் நடப்பதில்தான். நோயாளி வீல்சேரில் ஏறியாச்சு, வாசலில் ஆட்டோ நிற்கிறது, அப்போதுதான் நர்ஸ் மருந்துப் பையைக் கையில் கொடுத்துக் கடகடவென்று ஒப்பிப்பார். நாமும் தலையாட்டுவோம். அம்மாவை முதன்முதலாக இன்சுலினோடு அனுப்பியபோதும் இதேதான்.

அதனால் அப்ரூவலுக்குக் காத்திருக்கும்போதே மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கிவிடுங்கள். மதியம் வார்டு கொஞ்சம் ஓய்ந்திருக்கும். வீட்டில் யார் ஊசி போடப் போகிறாரோ அவரே நேரில் இருக்க வேண்டும். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "ம்" என்று நிறுத்தாமல், கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். ஒரு டோஸை நர்ஸ் கண்ணெதிரே நீங்களே சிரிஞ்சில் ஏற்றிப் பாருங்கள். தப்பு அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

பெரிய தப்பு நடப்பது சிரிஞ்சில். இன்சுலின் குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு விதமாக வருகிறது. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 குப்பி மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். மாற்றி, 40 குப்பி மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் இழுத்தால் 20-க்குப் பதில் வெறும் 8 யூனிட்தான் போகும். எங்களுக்குத் தந்த பையில் 100 குப்பியும் சிவப்பு மூடி சிரிஞ்சும் இருந்தன. ஃபார்மசி கவுண்டரில் கேட்டால், "எல்லாம் ஒண்ணுதான் சார்." லேபிளையும் சிரிஞ்சில் அச்சடித்திருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டிய பிறகுதான் மாற்றித் தந்தார்கள். சாரி கீரி எதுவும் கிடையாது.

சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது என்று ஆஸ்பத்திரி தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரிகூட இல்லை. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்தது பழைய மாத்திரைகள். ஒரே மருந்து வேறு கம்பெனிப் பெயரில் புதுச் சீட்டில் இருக்கும், வீட்டில் பழைய அட்டையும் இருக்கும், இரண்டையும் போட்டுக்கொள்வார்கள். பழைய அட்டைகளையெல்லாம் வார்டுக்கே கொண்டுபோய், எது நிறுத்தம், எது தொடரும் என்று டாக்டர் கையாலேயே எழுதி வாங்குங்கள். கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாளாகும், சம்மரியில் வராது. ரிசல்டுக்கு யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு, வார்டு நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"ஒரு வாரம் கழித்து ரிவ்யூ" என்று மட்டும் எழுதியிருந்தால் விடாதீர்கள். எந்த டாக்டர், எந்தக் கிழமை, வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பார்களா? எங்களிடம் யாரும் சொல்லவில்லை. இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனோம், "நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாள் லீவு, போகவர ஆட்டோ, எல்லாம் தண்டம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் ரத்தம் எடுப்பார்கள் என்றால் டிபனையும் இன்சுலினையும் கையோடு கொண்டுபோங்கள். அந்த இரண்டு மணி நேரக் கணக்கு முதல் வாய் சாப்பிட்டதிலிருந்து.

ஆஸ்பத்திரியில் எழுதிவைத்த சிகிச்சைப் பதிவான கேஸ் ஷீட்டின் நகல் கேட்டால் சில இடங்களில் இழுத்தடிப்பார்கள். எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறையே சொல்கிறது. மனுவில் அந்த ஒரு வரியைச் சேர்த்ததும் எங்களுக்கு ஜெராக்ஸ் வந்து சேர்ந்தது.