தலையில் எண்ணெய், கையில் ஐந்தாம் பதிப்பு: ஒரு நரம்பியல் எம்.ஃபில் அனுமதிக் கதை

மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளைப் பார்த்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் கடிதம் போன செவ்வாய்க்கிழமை மின்னஞ்சலில் வந்தது. விண்ணப்பம் கொடுத்தது ஜனவரியில். வந்தது நவம்பரில். "இந்த நேரத்துக்கு ஒரு பிள்ளையைப் பெத்து முப்பத்தொண்டுத் துடக்கும் கழிச்சிருக்கலாம்" என்று அம்மா சொன்னா. சொல்லிவிட்டு ஒரு பார்வையும் பார்த்தா, அதை இங்கே எழுதவில்லை.

நான் திருகோணமலையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். பகுதிநேரமாக நரம்பியலில் எம்.ஃபில் என்ற ஆராய்ச்சிப் பட்டம். பல்கலைக்கழகம் கொழும்புப் பக்கம், பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் என் பைல் இருக்கிறது. ஆய்வு இதுதான்: இரவில் கடலுக்குப் போய் விடியக் கரைக்கு வரும் மீனவர்களின் தூக்கமும் கவனமும். வந்து இறங்கியதும் பத்து நிமிடம் ஒரு சோதனை. திரையில் வெளிச்சம் வந்தவுடன் பொத்தானை அமத்த வேண்டும், அது எப்போது வரும் என்று தெரியாது, 2 செக்கனிலும் வரும் 10 செக்கனிலும் வரும், அமத்துவதற்கு அரைச் செக்கனுக்கு மேல் பிந்தினால் ஒரு தவறல் என்று கணக்கு. அதோடு கண்ணை மூடியும் திறந்தும் கொஞ்ச நேரம் ஈ.ஈ.ஜி, அதாவது மூளையின் மின் அலைகளின் பதிவு. நித்திரை முழிப்போடு வள்ளத்தில் இயந்திரத்தைக் கையாளும் மனிதர்களைப் பற்றி யாரும் இங்கே அளந்து பார்த்ததாக நான் காணவில்லை, அதுதான் ஆசை.

மேற்பார்வையாளர் கிடைத்தது லேசு. நான்கு பேருக்கு எழுதினேன், ஒருவர் பதில் போட்டார், நல்ல மனிதர். பல்கலைக்கழகத்தில் பதியப் போனதில்தான் முதல் அடி விழுந்தது. பட்டப் பெறுபேறுகளை நான் படித்த பல்கலைக்கழகம் உறையிலிட்டு முத்திரை குத்திக் கொடுக்க வேண்டும் என்று போட்டிருந்தார்கள். உறை கையில் கிடைத்தது. பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் என்ன செய்வது என்று நினைத்து, மெதுவாக, ஓரத்தால், கிழியாமல், திறந்து பார்த்தேன். பிழை இல்லை. கோந்து பூசித் திரும்ப ஒட்டினேன். இரவு பஸ்ஸில் ஏறி கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று ஒவ்வொரு இடத்திலும் முழித்து, காலையில் கவுண்டரில் நீட்டினால், கிளார்க் உறையைத் திறக்கக்கூட இல்லை. பின்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். "இது திறந்த உறை." அவ்வளவுதான், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். முத்திரையின் பாதி உறையிலும் பாதி மடிப்பிலும் இருக்கும், நான் ஒட்டியதில் இரண்டு பாதியும் ஒரு நூலளவு விலகியிருந்தன. அவருடைய கவனத்தை என் சோதனையில் அளந்தால் தவறல் பூச்சியமாக வரும்.

ஆகவே உறையைத் திறக்காதீர்கள். பயமாக இருந்தால் உங்களுக்கென்று இன்னொரு பிரதி வேறாக எடுங்கள். இன்னொன்று, பதியும் முன் உங்கள் பட்டம், தகைமைகளை மட்டம் மட்டமாக வரிசைப்படுத்தும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் (SLQF) எத்தனையாம் மட்டம் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். எம்.ஃபில் என்றால் 11, கலாநிதி 12. ஒரு வருடப் பாடநெறியையும் ஆராய்ச்சிப் பட்டத்தையும் ஒன்றென நினைத்துக் காசு கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாவது வீண் பயணத்துக்குக் காரணம் அம்மா. மார்ச்சில் ஆய்வுகூடத்தில் கருவி பழகக் கூப்பிட்டிருந்தார்கள். அனுமதி வருமுன் வேறு யாருடைய தலையிலும் கை வைக்க முடியாது, என் தலையில்தான் பழக வேண்டும். திங்கள் காலை பயிற்சி, ஞாயிறு இரவு பஸ், சனிக்கிழமை வழக்கம்போல நல்லெண்ணெய் முழுக்கு. பயணம் போகிற பிள்ளைக்குச் சூடு பிடிக்கக்கூடாது என்று ஞாயிறு பின்னேரம் தேங்காயெண்ணெயும் வைத்துப் பின்னிவிட்டா. அடுத்த நாள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் என் தலையில் மின்வாயை (அலையைப் பிடிக்கும் சிறு உலோகத் தட்டு) வைத்து, அதற்கும் தோலுக்கும் இடையிலான மின்தடையை அளந்தால் எண் இறங்கவே இல்லை. 5 கிலோ ஓமுக்குக் கீழே வந்தால்தான் பதிவு சுத்தமாக இருக்கும், என் தலை எழுபதில் நின்றது. பசையைக் கூட்டினார், தோலைத் தேய்த்தார். பிறகு விரலை மணந்து பார்த்துவிட்டு "எண்ணெயா?" என்று கேட்டார். குழாயடியில் கைகழுவும் சவர்க்காரத்தால் தலை கழுவி, ஈரம் காயக் காத்திருந்து, அதற்குள் அடுத்த ஆளின் நேரம் வந்து, நான் வெளியே.

அடுத்த மாதம் ஷாம்பு போட்டுத் தலை முழுகி, மொறமொறவென்ற முடியோடு போனேன். அப்போதும் திரை முழுக்க ஒரே தடித்த கோடு. செக்கனுக்கு ஐம்பது தரம் ஆடும் வீட்டு மின்சாரத்தின் இரைச்சல். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி, மேசை விசிறியையும் நிறுத்திய பிறகுதான் கோடு மெலிந்தது. "கண்ணை மூடுங்கோ" என்றார்கள். மூடி, கொஞ்சம் பொறுத்துத் திறந்து திரையைப் பார்த்தால், மூடியிருந்த நேரம் முழுக்கப் பின்தலையில் இருந்து செக்கனுக்குப் பத்துத் தரம் அளவில் ஒழுங்கான அலை. திறந்த இடத்தில் அறுந்திருந்தது. அல்பா அலை. பத்து வருடமாகப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் கீறிக் காட்டியதை அன்றுதான் என் தலையில் பார்த்தேன். ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் முதன்முதல் மனித மூளை அலையைப் பதிந்து, 1929 வரை வெளியிடாமல் வைத்திருந்தவர். தன் மகனின் தலையையும் பதிந்தார். அந்த மகனிடம் ஒப்புதல் படிவத்தின் எத்தனையாம் பதிப்பில் கையெழுத்து வாங்கினார் என்று கேட்க அப்போது குழு இல்லை.

சரி, குழுவுக்கு வருகிறேன். மாதத்தில் ஒருமுறை கூடுவார்கள். கூட்டத்துக்கு மூன்று கிழமை முன்னர் எல்லாப் பத்திரமும் போய்ச் சேர வேண்டும், ஒரு நாள் பிந்தினால் ஒரு மாதம் போச்சு. முன்மொழிவின் முதல் பக்கத்தில் மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கான 1964 ஹெல்சிங்கிப் பிரகடனத்தையெல்லாம் எடுத்துக் காட்டியிருந்தேன், அதைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அவர்கள் கண்டுபிடித்தது அடிக்குறிப்பை. ஆய்வில் சேருகிறவர் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தின் ஆங்கிலப் பிரதியில் "பதிப்பு 2", தமிழ்ப் படிவத்தில் "பதிப்பு 1". உள்ளே ஒரு வித்தியாசமும் இல்லை, எண்ணை மாற்ற மறந்துவிட்டேன். ஒரு மாதம்.

சிங்களப் படிவம் எங்கே என்றும் கேட்டார்கள். நான் தமிழ் பேசுகிறவர்களிடம்தானே போகிறேன் என்று கொஞ்சம் ரோசமாகவே பதில் எழுதினேன். மேற்பார்வையாளர் அதை அனுப்பவிடாமல் தடுத்து, "உங்கள் கரையில் சிங்கள மீனவர் இல்லையா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறார்கள், என் வீட்டுக்கு மீன் தருகிறவரே சிங்களவர். அந்த இடத்தில் பிழை என்னுடையது.

ஆனால் மெய்யாகவே என்னை உலுப்பியது தமிழ்ப் படிவம். "மின்வாய்கள் தலையில் பொருத்தப்பட்டு மூளையின் மின் செயற்பாடு பதிவுசெய்யப்படும்" என்று பாடப்புத்தகத் தமிழில் எழுதி, பெருமையோடு பெரியப்பாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவர் முப்பது வருடம் கடலுக்குப் போனவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பிள்ளை, இது மண்டைக்குக் கரண்ட் குடுக்கிற சாமானோ?" என்றார். அப்படி விளங்கிக்கொண்டது அவர் மட்டும் இல்லை. ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவர் தமிழ்ப் படிவத்தைத் திரும்ப ஆங்கிலமாக்கித் தர வேண்டும் என்று குழு கேட்டிருந்தது, அதைச் செய்த சிநேகிதியும் "தலையில் மின்சாரம் பொருத்தப்படும்" என்ற அர்த்தத்தில்தான் எழுதியிருந்தாள். படித்தவள், பட்டதாரி.

நான்கு தரம் மாற்றினேன். கடைசியில் நின்றது இது: "இந்தக் கருவி உங்கள் தலைக்குள் கரண்ட் எதையும் அனுப்பாது. எல்லாருடைய மூளையிலும் தானாகவே மிகச் சிறிய மின்சாரம் உண்டாகிறது. டோர்ச் பற்றரி ஒன்றில் இருப்பதை முப்பதாயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு. கருவி அதை எழுதிக்கொள்ளும், அவ்வளவுதான்." 1.5 வோல்ட்டையும் 50 மைக்ரோவோல்ட்டையும் வைத்துப் போட்ட கணக்கு. பெரியப்பா வாசித்துவிட்டு, "அப்ப சரி, எனக்கும் ஒருக்கா வையன்" என்றார். குழு ஏற்றுக்கொண்டதைவிட அது எனக்குப் பெரிய சந்தோஷம். வைக்கவில்லை, அனுமதி இல்லையே.

மற்றக் கேள்வி: பதிவில் யாருக்காவது வலிப்புக்கான அறிகுறி தெரிந்தால் என்ன செய்வீர்கள்? நான் ஆசிரியை, என்ன செய்வேன்! நரம்பியல் மருத்துவர் ஒருவர் அப்படியானவர்களைப் பார்ப்பதாக எழுதித் தர வேண்டும். அந்த ஒரு பக்கக் கடிதத்துக்கு இரண்டு மாதம் அலைந்தேன். இதை முதல் நாளே தொடங்குங்கள், நான் எழுதியதில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுங்கள்.

ஒழுங்காகக் கிடைத்த ஒரே கடிதம் மீனவர் சங்கத்தினுடையது. தலைவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன், எழும்பிப் போய்க் கடிதத் தலைப்பு எடுத்து எழுதி, சீல் குத்தி, திகதியும் போட்டு, தேத்தண்ணியும் தந்தார். கால் மணித்தியாலம்.

இப்போது அனுமதி இருக்கிறது, கடல் இல்லை. வாடைக் காற்று தொடங்கிவிட்டது, வள்ளங்கள் மேலே இழுத்துக் கிடக்கின்றன, இரவில் போகிறவர்கள் குறைவு. அனுமதி ஒரு வருடத்துக்குத்தான், அதில் முதல் மூன்று நான்கு மாதம் மழையைப் பார்த்தே போகும். ஜூனில் வந்திருந்தால் இந்நேரம் பாதித் தரவு கையில் இருந்திருக்கும்.

நேற்று கடிதத்தைக் காட்டத் தலைவரிடம் போனேன். மாசி பிறக்கட்டும், ஆட்களைச் சேர்த்துத் தருகிறேன் என்றார். நான் என் எண்ணெய்க் கதையைச் சொல்ல விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "அப்ப எங்கட ஆக்களுக்கும் எண்ணெய் வைக்காம வரச் சொல்லோணுமே. இதில எழுதியிருக்கோ?" என்று படிவத்தைத் தூக்கினார்.

வாசித்துப் பார்த்தேன். தமிழில் இல்லை, சிங்களத்தில் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. பங்கேற்பாளருக்குச் சொல்லும் எதையும் குழுவைக் கேட்காமல் சேர்க்க முடியாது. அடுத்த கூட்டத்துக்குப் பத்திரம் கொடுக்கும் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. மூன்று மொழியிலும் அடிக்குறிப்பை "பதிப்பு 6" என்று மாற்றிவிட்டேன், இந்த முறை மூன்றையும் பெரியப்பாவும் சரிபார்த்தார்.