எனக்கு எப்படி அஞ்சு வந்துச்சு?

"டீச்சர், நாம ஒன்னுமே வரையலயே, எனக்கு எப்படி அஞ்சு வந்துச்சு?"

ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன் ஆண்டிறுதி அறிக்கையை வாங்கிய கையோடு என் மேசைக்கு வந்து கேட்டான். காட்சிக்கலை, அதாவது ஓவியப் பாடம், என்னுடையது; அதில் ஆறு நிலைகளில் ஐந்தாவதை அவனுக்குப் போட்டிருந்தேன். குறை சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். "நீ நல்லா வரைவேன்னு எனக்குத் தெரியும்டா, போ" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

நான் சொன்னது பொய் இல்லை. கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் அவன் வரைந்த பினாங்குத் தைப்பூச வெள்ளி ரதத்தைப் பார்த்திருக்கிறேன். இழுத்துப் போகும் மாடுகள், தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் உடைந்து கிடக்கும் தேங்காய்கள், ஒன்றையும் விடவில்லை. அந்தக் கைக்கு ஐந்து தாராளமாகத் தரலாம். ஆனால் அந்த ரதத்தை அவன் வரைந்தது என் வகுப்பில் இல்லையே. மற்ற இருபத்தொரு பிள்ளைகளுக்கும் நான்கு நான்கு என்று போட்டேனே, அவர்களுடைய எந்தப் படத்தைப் பார்த்துப் போட்டேன்?

மலேசியாவில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிவந்த யுபிஎஸ்ஆர் என்ற அரசுத் தேர்வை 2021இல் நீக்கியபோது நான் ரொம்பவே சந்தோஷப்பட்டேன், இனி காட்சிக்கலைக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும் என்று நம்பினேன். அப்புறம் ஆண்டிறுதித் தேர்வு வந்தது. அதில் காட்சிக்கலை கிடையாது, ஆண்டு முழுக்க வகுப்பில் பார்த்து ஆசிரியரே ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலை போட வேண்டும். யோசித்தால் அது எவ்வளவு நல்ல ஏற்பாடு! ஒரே நாளில் ஒரே தாளில் தீர்ப்புச் சொல்லாமல், பிள்ளை வளர்வதைப் பார்த்துச் சொல்வது. ஆனால் தேர்வுத் தாள் இல்லாத பாடத்தின் நேரத்தைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். "டீச்சர், இந்த வாரம் மட்டும்" என்று கணக்கு ஆசிரியை வந்து நிற்பார். அவரையும் குறை சொல்ல முடியாது, அவருடைய பாடத்தின் தேர்ச்சி விகிதத்தைத்தானே கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டுகிறார்கள்.

இப்படி நான் கொடுத்த நேரங்களில் ஒன்று, ஜார்ஜ்டவுனில் லெபோ ஆர்மீனியன் தெருவுக்குப் போய் 2012இல் எர்னெஸ்ட் ஸகாரெவிச் என்ற ஓவியர் சைக்கிளோடு சேர்த்து வரைந்த சுவரோவியத்தைப் பார்க்கலாம் என்று வைத்திருந்தது. எங்கிருந்தோ வரும் சுற்றுப்பயணிகள் அதன் முன் வரிசை பிடித்து நின்று படம் எடுக்கிறார்கள். நிஜ சைக்கிளைச் சுவரில் பதித்து, அதில் உட்கார்ந்த பிள்ளைகளை மட்டும் எப்படி வரைந்தார் என்று என் பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு அவர்கள் பின்னம் செய்துகொண்டிருந்தார்கள்.

நான் வேறு என்ன செய்திருக்க முடியும் என்றுதான் இன்னும் கேட்டுக்கொள்கிறேன். எல்லாருக்கும் ஒன்று என்று போட்டிருந்தால் அந்தக் கறை பிள்ளைகள் பெயரில் ஒட்டும், நேரத்தை எடுத்தவர்கள் பெயரில் இல்லை. "கற்பிக்கவில்லை" என்று எழுதியிருந்தால் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சரி, சொல்லியிருக்கலாமே? கையெழுத்து என்னுடையதுதானே? பதிவைப் பார்க்க வந்த அதிகாரி கட்டங்கள் நிறைந்திருந்ததைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். பையன் ஒருவன்தான் சரியான கேள்வியைக் கேட்டான். அவனுக்கு நான் உண்மையைச் சொல்லவில்லை, அவனுடைய திறமையைப் பாராட்டி வாயை அடைத்துவிட்டேன். சில நாள் அது அன்பாகத் தெரிகிறது, சில நாள் அப்படித் தெரியவில்லை.

அவன் இப்போது இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டான். இந்த ஆண்டும் கணக்கு ஆசிரியை வந்தார், இந்த ஆண்டும் கொடுத்தேன். ஒரே ஒரு வித்தியாசம், கொடுத்த ஒவ்வொரு நேரத்தையும் தேதியோடு என் பதிவேட்டில் எழுதி வைக்கிறேன். பிள்ளைகளுக்காகவா, நாளைக்கு என்னைக் காப்பாற்றிக்கொள்ளவா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஐந்து மாதத்தில் ஏழு வரி ஆகியிருக்கிறது. இதுவரை யாரும் அந்தப் பக்கத்தைக் கேட்கவில்லை.