அப்பத்தாவுக்கு எடுத்த பாடம்

ஆஸ்பத்திரி வேலையோடு தொலைதூரக் கல்வியில் போஸ்ட் பேசிக் நர்சிங், அதாவது டிப்ளமோ முடித்த நர்ஸுகளுக்கான பட்டப்படிப்பு, படிக்கிறேன். தினசரி வகுப்பும் இல்லை, விரட்ட ஆளும் இல்லை. முதல் மூன்று மாதம் புத்தகம் முழுக்க மஞ்சள் மார்க்கர் பூசியதுதான் மிச்சம். நைட் டியூட்டி முடிந்து காரைக்குடி வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால், ஆத்தங்குடிக் கல் தரையின் குளுமைக்கே கண் சொக்கிவிடும்.

ஒருநாள் வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், உட்கார்ந்து, புத்தகத்தை மூடிவிட்டு அப்பத்தாவிடம் சொல்லிப் பார்த்தேன். 1000 மில்லி சலைன் 8 மணி நேரத்தில் ஏறணும். ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் டிரிப் குழாய் செட். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? மொத்தம் 20,000 சொட்டு, அதை 480-ஆல் வகுத்தால்...

"480 எங்கேருந்து வந்துச்சு, ஆத்தா?"

சட்டென்று பதில் வரவில்லை. அப்புறம்தான் உறைத்தது: 8 மணி நேரம், நிமிடக் கணக்கில். விடை, நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு.

இப்போதெல்லாம் வாசிப்பது குறைவு. வெறும் தாளில் நினைவிலிருந்து எழுதுகிறேன். மறுநாள் ஒரு தடவை, மூன்றாம் நாள், அப்புறம் அடுத்த வாரம். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-லேயே தன்னையே சோதித்து மறதியை அளந்து வைத்திருக்கிறார். எனக்கு அது அப்பத்தா கேட்ட பிறகுதான் புரிந்தது.

நேற்று பொட்டாசியம். "இளநீர்ல இருக்குங்கிறே, அப்ப கிட்னி போனவங்க குடிக்கலாமா?" என்கிறார். அடுத்த பாடமே அதுதான்.