முறுககு விற்ற கதை

அக்கா ஒவ்வொரு தீபாவளிக்கும் வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்பாள். இந்த முறை வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு போஸ்டர் செய்து தரச் சொன்னாள். எனக்கோ கொஞ்ச நாளாகப் புள்ளி எழுத்துருப் பைத்தியம், அதாவது கோட்டுக்குப் பதில் புள்ளிகளாலேயே ஆன எழுத்து. பேருந்தின் நெற்றியில் ஆரஞ்சு நிறத்தில் எரியும் எண்கள், பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கர்ர் கர்ர் என்று கத்திக்கொண்டே தள்ளும், இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட தாள், அந்தச் சாயலில் ஒரு எழுத்துரு கிடைத்தது. ஆனால் அதில் தமிழ் இல்லை. சரி, நாமே வரைந்துவிடலாம் என்று கட்டம் போட்ட நோட்டோடு உட்கார்ந்துவிட்டேன்.

ஆங்கில எழுத்துக்கு அகலம் 5, உயரம் 7, மொத்தம் 35 புள்ளி இருந்தால் போதும். பழைய மின்பலகைகள் பலவும் அந்தக் கணக்குதான். ப, ட, ம மூன்றும் அதில் சமத்தாக உட்கார்ந்துகொண்டன. தகராறு ண-வில் ஆரம்பித்தது. 5 புள்ளி அகலத்தில் எத்தனை சுழிதான் போடுவது? ன-வும் ண-வும் ஒரே முகம்! அப்புறம் கி-க்கு மேலே கொக்கி, று-வுக்குக் கீழே வால். 1980-இல் வந்த எப்சன் எம்எக்ஸ்-80 பிரிண்டரின் தலையில் புள்ளி குத்த இருந்ததே 9 ஊசிதான், அதை வைத்துத் தமிழ் அச்சடித்தவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே உயரத்தை 16 வரிசையாக்கினேன்.

பிரமாதமாக வந்த மாதிரி இருந்தது. அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அக்கா, "என்னடா இது, முறுககுன்னு இருக்கு?"

க் தலையில் புள்ளி இருக்கத்தான் செய்தது. ஆனால் எழுத்து முழுக்கவே புள்ளி என்றால் எது மெய்ப்புள்ளி, எது சும்மா புள்ளி? ஓலையில் எழுதியவர்கள் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அதை விட்டுவிடுவார்களாம், படிப்பவர்தான் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். நான் நூறு புள்ளி வைத்தும் அதே கதி. எட்டிப் பார்த்த அம்மா வேறு, "கோலத்துக்குப் புள்ளி வச்சிட்டுக் கோடு போட மறந்துட்டியா?" என்றார்.

ஒரு வரிசை இடைவெளி விட்டுப் பார்த்தேன், கைப்பேசியில் அதுவும் ஒட்டிக்கொண்டது. வளையமாக்கினேன், வெயில் 32 டிகிரி என்று போட்ட மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் மெய்ப்புள்ளியை மட்டும் நான்கு புள்ளி பருமனில் குண்டாக வைத்தேன். கட்டத்துக்குள் அடங்கவில்லைதான், நிஜ மின்பலகையில் இப்படி ஒரு விளக்கு இருக்காது. இருக்கட்டுமே, இது அலங்காரம்தானே, இல்லாத இயந்திரத்துக்கு நான் ஏன் பயப்பட வேண்டும்? விலையைச் சாதாரண எழுத்திலேயே போட்டேன், சின்ன அளவில் இந்தப் புள்ளிகளெல்லாம் சேர்ந்து மை கொட்டிய மாதிரி ஆகிவிடுகிறது.

அதற்குள் முதல் போஸ்டர் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டிருந்தது. முதல் ஆர்டர் நாலாவது மாடி ஆன்ட்டியிடமிருந்து: "முறுககு 2 போத்தல்."