காமனை இறுவட்டில் எரித்த கதை

கடந்த மாசியில் எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் நடந்த, சிவன் காமனை எரித்த கதையை ஆடும் காமன் கூத்தைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து, வேண்டாதவற்றை வெட்டி, 130 நிமிடக் காணொளியாக்கி வைத்திருந்தேன். எங்கள் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பெரியவர்கள் பலரிடம் இன்னமும் பழைய டிவிடி பிளேயர்தான் இருக்கிறது என்பதால், பன்னிரண்டு வீட்டார் டிவிடி இறுவட்டாகவே கேட்டார்கள். ஹட்டன் நகரில் நான்கு கடைகள் ஏறி இறங்கி 15 வெற்று வட்டுகள் வாங்கினேன். உறையில் எழுதும் வேகம் 16எக்ஸ் என்று அச்சிட்டிருந்தது. டிவிடியில் 1எக்ஸ் என்பது நொடிக்கு 1.385 மெகாபைட், அதை 16ஆல் பெருக்கினால் 4.7 ஜிகாபைட் வட்டு மூன்றரை நிமிடத்தில் நிரம்பிவிட வேண்டும். அந்தக் கணக்கை நம்பி, பன்னிரண்டையும் ‘எரித்து’, அதாவது வட்டில் எழுதி, ஒரு மணித்தியாலத்தில் முடித்துத் தருவதாக மாமாவிடம் வாய் விட்டுவிட்டேன்.

முதல் வட்டு விரைவாகவே முடிந்தது, ஆனால் மாமா வீட்டுப் பிளேயர் அதைத் தொட மறுத்தது. காணொளிக் கோப்பை அப்படியே வட்டில் எழுதியதுதான் தவறு. கைத்தொலைபேசி எச்.264 என்னும் காணொளிச் சுருக்க முறையில் பதிகிறது. பழைய பிளேயருக்குத் தெரிந்ததோ எம்பெக்-2 மட்டுமே. அதுவும் நம் நாட்டில் வழங்கும் ‘பால்’ என்னும் தொலைக்காட்சி முறைப்படி 720க்கு 576 புள்ளிகள் என்ற அளவில், நொடிக்கு 25 சட்டகங்களாக (ஃபிரேம்), வீடியோடிஎஸ் என்னும் கோப்புறைக்குள், 1 ஜிகாபைட்டுக்கு மேற்படாத துண்டுகளாக இருந்தால்தான் ஏற்றுக்கொள்ளும். ஆகவே எழுதுவதற்கு முன் மாற்ற வேண்டும். நேரத்தின் பெரும்பகுதியை விழுங்கியது இந்த மாற்றும் வேலைதான்; உறையில் இருந்த 16எக்ஸுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

130 நிமிடம் என்றால் ஏறத்தாழ 195,000 சட்டகங்கள். காணொளியை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளை ஓடவிட்டபோது, என் பழைய மடிக்கணினி நொடிக்கு 27 சட்டகங்களை மாற்றியது. அதாவது கூத்து நடக்கும் வேகத்தைவிடச் சற்றே கூடுதல். முழு வட்டையும் பயன்படுத்தினாலும் நொடிக்கு 4.8 மெகாபிட் அளவில்தான் இடம் கிடைக்கும் என்பதால், எந்தக் காட்சிக்கு எவ்வளவு இடம் தேவை என்பதை முதல் சுற்றில் அளந்து, இரண்டாம் சுற்றில் பங்கிட்டு எழுதும் இருசுற்று முறையைத் தேர்ந்தேன். ஒரு சுற்றுக்கு இரண்டு மணித்தியாலம், இரண்டுக்கும் நான்கு. இரவுக் கூத்து என்பதால், தீப்பந்த வெளிச்சத்தில் எடுத்த படம் முழுவதும் புள்ளி புள்ளியாக இறைந்து கிடந்தது. ரதி அசையாமல் நிற்கும் இடத்திலும் அந்தப் புள்ளிகள் சட்டகத்துக்குச் சட்டகம் மாறுவதால், மென்பொருள் அவற்றையும் அசைவென்று எண்ணி இடத்தை வாரி இறைத்தது. இந்தப் புள்ளி இரைச்சலைக் குறைக்கும் வடிகட்டியைச் சேர்த்துப் பார்த்தேன். 27 சட்டகம் 11 ஆயிற்று. படம் நன்றாகத்தான் வந்தது. இருந்தாலும் அத்தனை பொறுமை எனக்கு இல்லை, எடுத்துவிட்டேன்.

இரண்டாம் சுற்று பாதியைத் தாண்டிய நேரத்தில் மழை பிடித்தது, கரண்ட் போயிற்று. பேட்டரி செத்துப்போன மடிக்கணினியும் கூடவே அணைந்தது. முதல் சுற்றின் அளவீடு தனிக் கோப்பாக மடிக்கணினியின் வன்வட்டில் சேமிக்கப்பட்டிருந்தது என் அதிர்ஷ்டம். மறுநாள் இரண்டாம் சுற்றை மட்டும் திரும்ப ஓட்டினேன். “என்னா மருமவனே, சிவன் நெத்திக்கண்ணத் தொறந்து ஒரு நிமிசத்துல காமன எரிச்சுட்டாரு, ஒனக்கு ரெண்டு நாளா எரியலையா?” என்று மாமா கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை.

எழுதும் கட்டத்துக்கு வந்ததும் கணக்கு மறுபடியும் பிசகியது. வட்டு 16எக்ஸ் தாங்கும் என்றாலும், யூஎஸ்பியில் செருகும் என் மெல்லிய எழுதும் கருவியின் உச்சம் 8எக்ஸ். அந்த எட்டும் முழுநேர எட்டு அன்று. வட்டில் எழுத்து உள்வட்டத்திலிருந்து தொடங்கி வெளியே போகிறது. சுழலும் வேகத்தை ஓர் அளவுக்கு மேல் கூட்ட முடியாது. அதே சுழற்சியில் உள்ளே கடக்கும் தூரம் குறைவு, ஓரத்தில் அதிகம். தேர் மூலை திரும்பும்போது உள்வடம் பிடித்தவர் நின்ற இடத்திலேயே கால் மாற்ற, வெளிவடம் பிடித்தவர் ஓட வேண்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். தொடக்கத்தில் 3.3எக்ஸ் காட்டிய திரை, கடைசி நிமிடத்தில்தான் எட்டைத் தொட்டது. 4.4 ஜிகாபைட் எழுதி முடிய 11 நிமிடம் ஆயிற்று.

அதற்கு முன் ஆறு நிமிடத் துண்டு ஒன்றைப் பரிசோதனைக்காக எழுதியிருந்தேன். 200 மெகாபைட்தான், ஒரு நிமிடத்தில் முடியும் என்று நினைத்தால், எழுதி முடித்த பிறகும் விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது. எழுதியது எவ்வளவு குறைவாக இருந்தாலும், பிளேயர்கள் வட்டைச் சரியாக இனங்காண வேண்டும் என்பதற்காக ஏறத்தாழ 1 ஜிகாபைட் வரையிலான இடத்தை நிரப்பிய பின்னரே எழுதும் கருவி வட்டை மூடுகிறது. இதை நான் பின்னர்தான் விளங்கிக்கொண்டேன். விளங்காமல் இருந்த நேரத்தில், முழு வட்டு ஒன்று நூறு வீதம் காட்டிவிட்டு இரண்டு நிமிடமாக அசையாமல் நின்றதைக் கண்டு, மென்பொருள் உறைந்துவிட்டது என்று எண்ணி வயரைப் பிடுங்கினேன். முடிவுப் பகுதி எழுதப்படாத அந்த வட்டு இப்போது எங்கள் போஞ்சிப் பந்தலில் குருவி விரட்டுகிறது.

பன்னிரண்டு பிரதிகளையும் இப்போது 4எக்ஸில் எழுதுகிறேன். பழைய பிளேயர்கள் மெதுவாக எழுதிய வட்டையே தடுமாறாமல் படிக்கின்றன என்பது என் அனுபவம். 8எக்ஸோடு ஒப்பிட்டால் வட்டுக்கு இரண்டு மூன்று நிமிடமே கூடுகிறது. மாற்றியதை வட்டின் முழுப் படியான ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக்கி வைத்துவிட்டதால் நான்கு மணித்தியால வேலை திரும்ப வருவதில்லை. எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் வசதி, வட்டுக்குப் பத்து நிமிடம் வரை கேட்கிறது. எனினும் அதை நிறுத்தவில்லை, கைவசம் மேலதிக வட்டு இல்லை.

நேற்று இரவு வரை எட்டு முடிந்தது. முதன்முதலில் வீணானது என்று ஒதுக்கிய வட்டைக் கொழும்பில் கணினி வைத்திருக்கும் மச்சான் தனக்குப் போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டதில், பன்னிரண்டில் ஒன்று குறைந்தது. மிகுதி மூன்று. மழை இல்லாத மாலைக்காகக் காத்திருக்கிறேன்.