ஆளில்லாத டிப்பரும் எங்கள் ஊர் பொக்லைனும்

நேற்று குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது காட்டேரிக்குக் கீழே மண்சரிவு. ஒன்றரை மணி நேரம் பஸ்ஸுக்குள். பொழுது போகாமல் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஆஸ்திரேலியாவின் பில்பாரா இரும்புச் சுரங்கங்களில் 200 டன்னுக்கு மேல் சுமக்கும் டிப்பர்கள் ஓட்டுநரே இல்லாமல் ஓடுகின்றன. கண்காணிப்பவர்கள் சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளி, பெர்த் நகரில் ஏசி அறையில். கொமட்சு நிறுவனம் 2008லேயே சிலி நாட்டுச் செம்புச் சுரங்கத்தில் இதை ஆரம்பித்துவிட்டதாம்.

பொக்லைன் ஓட்டும் அண்ணன் டீ குடிக்க இறங்கியபோது காட்டினேன். பார்த்துவிட்டு, "ரோடு நல்லா அகலமா இருக்கு தம்பி" என்றார். அவ்வளவுதான்.

உண்மைதான். சுரங்கத்தில் பாதை அகலம், வரைபடம் பக்கா, வெளியாட்கள் வர முடியாது. ஜிபிஎஸ்ஸும் ரேடாரும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். இங்கே ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம், நடுவில் ஹாரன் அடிக்கும் நாங்கள். மலையும் மரமும் மறைத்தால் ஜிபிஎஸ் தடுமாறும், மூடுபனியில் கேமராவும் குருடு.

அண்ணன் திரும்ப ஏறி, பக்கெட் நுனியால் மண்ணை லேசாகக் கிள்ளினார். உடனே நிறுத்தி, இறங்கிப் போய் விரலால் தொட்டுப் பார்த்தார். சிவப்பு மண்ணுக்குள்ளிருந்து தண்ணீர் கசிகிறது. வண்டியைப் பத்தடி பின்னால் எடுத்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, மேலிருந்து ஒரு சில்வர் ஓக் மரம் வேரோடு வந்து அதே இடத்தில் விழுந்தது.

டீக் காசு நான்தான் கொடுத்தேன்.