டிராஃப்டில் பெயர் வராத மகனும் ஓர் எம்ஆர்ஐ சிடியும்

2024 ஜூலையில் ஃபோர்ட் வொர்த்தில் நடந்த எம்எல்பி டிராஃப்டில், அதாவது அமெரிக்க பேஸ்பால் அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், பந்து வீச்சாளனான என் மகனின் பெயர் வரவில்லை. 20 சுற்றுகள், அறுநூறுக்கும் மேற்பட்ட பெயர்கள். "கடைசிச் சுற்றுகளில் கண்டிப்பாக எடுப்போம்" என்று முந்தைய நாள் இரவுகூட ஓர் அணியின் ஸ்கவுட் (அணிக்கு வீரர்களைத் தேடிப் பிடிப்பவர்) சொல்லியிருந்தார். அவர் அப்புறம் கூப்பிடவே இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. 2019 வரை 40 சுற்றுகள் இருந்தன. அவன் மாதிரிப் பிள்ளைகள் அப்போது எடுபட்டிருப்பார்கள்.

கடைசிப் பெயரை வாசித்து முடித்ததுமே வேறு அணிகளிடமிருந்து போன் வரத் தொடங்கியது. டிராஃப்ட் ஆகாதவனுக்கு உள்ள ஒரே வசதி, அணியை அவனே தேர்ந்தெடுக்கலாம் என்பதுதான். கையெழுத்துப் போடுவதற்குத் தரும் போனஸை மட்டும் பார்க்காதீர்கள். எந்த அணியின் கீழ்நிலைகளில் பந்து வீசுபவர்கள் குறைவு என்று பாருங்கள். டிராஃப்ட் ஆகாதவனுக்கு 1,50,000 டாலர் வரை கொடுத்தாலும், புது வீரர்களுக்கென்று அணிக்கு உள்ள மொத்த போனஸ் வரம்பில் அது சேராது என்பது விதி. அதற்காக நான்காம் ஆண்டு மாணவனுக்கு அவ்வளவு கொடுத்துவிட மாட்டார்கள். கல்லூரியில் இன்னும் ஓர் ஆண்டு ஆட வழியில்லாதவனால் எப்படிப் பேரம் பேச முடியும்?

அணி முடிவாகி, தொகையும் பேசியாகிவிட்டது. மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும். கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் அவனுக்கு முழங்கையில் டாமி ஜான் அறுவை சிகிச்சை (கிழிந்த தசைநாரைச் சீரமைப்பது) நடந்திருந்தது. அணியின் மருத்துவர் அப்போது எடுத்த எம்ஆர்ஐ படங்களைக் கேட்டார். எழுத்து அறிக்கை போதாதாம், படங்களே வேண்டுமாம்.

மகன், டிராஃப்டை எதிர்பார்க்கும் பிள்ளைகள் ஆடும் டிராஃப்ட் லீக்குக்காக, பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் இருந்தான். சிகிச்சை செய்த மருத்துவமனை டெக்சாஸில் எங்கள் ஊரில். நான் போய் நின்றேன். பதிவேடு பிரிவில் இருந்த பெண்மணி கணினியைப் பார்த்துவிட்டு, "அவருக்குப் பதினெட்டு வயது தாண்டிவிட்டது, உங்களிடம் தர முடியாது" என்றார். காப்பீட்டுப் பணம் கட்டியது நான், அறுவை சிகிச்சையன்று அந்தக் கட்டடத்திலேயே உட்கார்ந்திருந்ததும் நான். சட்டம் அப்படித்தான் என்று எனக்கும் தெரியும். ஆனால் என்ன படிவம் வேண்டும், மின்னஞ்சலில் அனுப்பினால் ஏற்பார்களா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! கேட்கக் கேட்க "வலைத்தளத்தில் பாருங்கள்" என்பதே பதில்.

படிவத்தைத் தேடி எடுத்து, மகனிடம் கையெழுத்து வாங்கி, மறுபடி போனேன். இந்த முறை கையில் வந்தது அறிக்கையின் நகல். படங்கள் கதிரியக்கப் பிரிவில் இருக்கின்றனவாம், அதற்குத் தனிப் படிவமாம். அணியிலிருந்தோ, "எப்போது வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கதிரியக்கப் பிரிவில் ஒரு இளைஞர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, நிற்கும்போதே சிடி போட்டுக் கொடுத்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

அதனால் சொல்கிறேன், பந்து வீசும் பிள்ளை இருந்தால் படங்களின் சிடியை டிராஃப்டுக்கு முன்பே வாங்கி வையுங்கள். உங்கள் பெயரில் ஓர் அனுமதிக் கடிதமும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபுளோரிடாவில் அணியின் மருத்துவப் பரிசோதனை சிக்கலில்லாமல் முடிந்தது. ஒப்பந்தம் வந்தபோதுதான் அடுத்த இடி. கல்லூரிப் படிப்புக்கு இத்தனை செமஸ்டர், இவ்வளவு டாலர் அணி தரும் என்று பேசியிருந்ததைக் காணவில்லை. அவனுக்கு ஒரு செமஸ்டர் பாக்கி இருந்தது. புதியவர்கள் தொடங்கும் மிகக் கீழ்நிலையான காம்ப்ளெக்ஸ் அணியில் அப்போது குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 19,800 டாலர். அதிலிருந்து எங்கே படிக்க? இந்த அணியின் ஸ்கவுட்டோ, "அதை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்" என்றார். அப்புறம் சேர்க்க முடியாது. முதல் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. ஆட்டத்தை விட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் படிப்பைத் தொடங்கவும் வேண்டும்.

"அது வரும்வரை கையெழுத்துப் போட மாட்டேன்மா" என்றான் மகன். அவனை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது. மாலைக்குள் திருத்திய ஒப்பந்தம் வந்தது, செமஸ்டர் எண்ணிக்கையும் தொகையும் சரியாக இருந்தன. கையெழுத்துப் போட்டான்.